அணைந்த உலையின் முதல் ஆள்

“உங்கள் கணவர் என்ன வேலை செய்கிறார்?”

லண்டனிலிருந்து வந்த ஒரு பெண்மணி ஒருமுறை நெஸ்தாவை அவள் வீட்டு வாசலில் நிறுத்தி இப்படிக் கேட்டாள். கும்ஹெலிக் ஊருக்கு அந்த நாட்களில் யாராவது வந்துகொண்டேதான் இருந்தார்கள். நாட்டின் இரும்புத் தொழிலும் உருக்குத் தொழிலும் ஏன் இப்படிப் படுத்துக் கிடக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு குழு வரும். அந்தக் குழு கண்டுபிடித்தது சரிதானா என்று பார்க்க இன்னொரு குழு வரும். எல்லோரும் நல்ல மழைக்கோட்டு போட்டிருப்பார்கள். எல்லோரும் தேநீர் குடிப்பார்கள். போன பிறகு கோப்பை கழுவுவதுதான் மிச்சம்.

“ரெண்டாவது ஆளா இருக்காருங்க” என்றாள் நெஸ்தா.

“எதில்?”

“மூணாம் உலையில.”

அந்தப் பெண்மணி முகம் மலர்ந்து, ‘வேலையில் இருக்கிறார்’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டாள். மூன்றாம் உலை அணைந்து மூன்று குளிர்காலம் போய்விட்டது, உருக்கு ஊற்றும் குழியில் இப்போது மலையிலிருந்து இறங்கி வரும் ஆடுகள்தான் படுத்துக் கிடக்கின்றன என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்ல நெஸ்தாவுக்கு நாக்கு துடித்தது. ஆனால் உள்ளே கணவன் கெத்தின் உட்கார்ந்திருந்தான். சொன்னால் அவன் என்ன பதில் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். “உலைதானே நின்னிருக்கு? என் எடம் எங்க போச்சு?”

அந்த இடம்தான் நெஸ்தாவின் வாழ்க்கையில் புகுந்த சனியன்.

கும்ஹெலிக்கில் ஓர் உலைக்கு நான்கு பேர். முதல் ஆள் இறந்தாலோ ஓய்வுபெற்றாலோ இரண்டாவது ஆள் மேலே போவான், மூன்றாவது ஆள் இரண்டாவது ஆவான், அப்படியே கடைசி வரை. நடுவில் யாரும் புக முடியாது. முதலாளியின் மகனே வந்தாலும் வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். ஆலையை விட்டு ஒருவன் வெளியே போனால் அவன் இடம் அத்தோடு போயிற்று. வேறு ஊரில் போய்ச் சேர்ந்தாலும் அங்கே மீசை முளைக்காதவனுக்குக் கீழே முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொழிற்சங்கம் இதை வேதம்போல் காத்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் என்பதால், ஆட்களை இந்த எண்ணால்தான் கூப்பிட்டார்கள். கெத்தினுக்குக் ‘கெத்தின் ரெண்டு’ என்று பெயர். கடைக்காரன்கூட “கெத்தின் ரெண்டு வீட்டுக்கு மாவு” என்றுதான் மூட்டை கட்டுவான்.

உலை ஏன் அணைந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. பெல்ஜியத்துக்காரன் கப்பல் கூலியும் சேர்த்து நம்மைவிட மலிவாக இரும்பை அனுப்புகிறான் என்றார்கள். வெளிநாட்டு இரும்புக்கு வரி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். வரியும் போட்டார்கள். ஆடுகள் எழுந்திருக்கவில்லை. சின்ன ஆலைகள் ஒன்றுசேர்ந்தால் பிழைக்கும் என்றார்கள். ஒரு பெரிய கம்பெனி கும்ஹெலிக் ஆலையை வாங்கிச் சேர்த்துக்கொண்டது. இங்கே வரவேண்டிய ஆர்டரையெல்லாம் தன் சொந்த ஆலைக்குத் திருப்பிவிட்டு, இங்கே கதவைப் பூட்டியது. உருக்கு வேண்டும் என்றுதான் வாங்கினார்கள் என்று நினைத்த கெத்தின் அவர்கள் வாங்கிய அன்று ஊரோடு சேர்ந்து சந்தோஷத்தில் தொப்பியை மேலே தூக்கிப் போட்டவன். அந்தத் தொப்பி சேற்றில் விழுந்ததைத் துவைத்தவள் நெஸ்தா.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வசந்தகாலத்தில் மூன்றாம் உலையின் முதல் ஆள் ஹாப்கின், மார்பில் சளி கட்டி இறந்துபோனார். அடக்கத்துக்காக நெஸ்தாவின் தம்பி டெக்வின் வெள்ளிக்கிழமையே வந்து இறங்கினான். வேலை நின்ற முதல் வருடமே இங்கிலாந்தின் நடுப்பகுதிக்குப் போய், அங்கே புதிதாகக் கட்டிய உருக்காலையில் சேர்ந்தவன் அவன். காலில் புது ஷூ, கீச்சென்று சத்தம்.

ஈரல் உருண்டையும் பட்டாணியும் தட்டில் வைத்துக்கொண்டு அவன் அளந்தான். “வீட்டுக்குள்ளயே குளிக்கிற அறைக்கா. குழாயைத் திருகினா சுடுதண்ணி.”

“அடுப்புல வெக்காமலா?”

“வெக்காமதான். திருகினா வருது, திருகினா நிக்குது. உன் வாய் மாதிரி இல்ல.”

“தட்டுல இருக்கறதத் தின்னுடா.”

பிறகு அவன் கெத்தின் பக்கம் திரும்பினான். “மச்சான், திங்கட்கிழமை காலை வண்டிக்கு என்கூட வா. ஃபோர்மேன்கிட்ட சொல்லிவெச்சிருக்கேன். புதுசா ரெண்டு உலை பத்தவைக்கப் போறாங்க. அன்னிக்கு ராத்திரி ஷிஃப்டுக்கு நீ அங்க நிக்கணும். இல்லேன்னா அந்த எடத்துக்கு ஸ்காட்லாந்துக்காரனுங்க வாசல்லயே பாய் போட்டுப் படுத்திருக்கானுங்க.”

கெத்தின் மெதுவாக மென்று விழுங்கினான். “என்ன ஆளா?”

டெக்வின் பட்டாணியைப் பார்த்தான். “மொதல்ல அள்ளிப் போடற வேலைதான். அப்புறம் பாத்து ஏத்துவாங்க.”

“நீ அங்க என்ன?”

“மூணாவது ஆளு.”

“இங்க எனக்கு டீ வாங்கிட்டு வந்தவன் நீ.”

“அதுக்கென்ன மச்சான், அங்க நீ எனக்கு வாங்கிட்டு வா. கணக்கு நேராயிடும்.”

நெஸ்தா மேசைக்கடியில் தம்பியின் புது ஷூவை ஓங்கி மிதித்தாள். மிதித்துப் பயனில்லை. கெத்தின் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்துவிட்டான்.

“ஹாப்கினை நாளைக்கு அடக்கம் பண்றோம். அதுக்கப்புறம்...” என்று ஆரம்பித்து, செத்தவருக்கு மரியாதையாக நிறுத்திக்கொண்டான்.

“அப்புறம் என்ன? சொல்லு” என்றாள் நெஸ்தா. “நாளையிலருந்து ஆட்டுக்கெல்லாம் நீதான் மொத ஆளு. அதானே?”

கெத்தின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். மாடிக்குப் போய்க் கறுப்புக் கோட்டைத் தட்டித் தூசி எடுக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஆண்கள் மட்டும் கல்லறைக்குப் போனார்கள். பெண்கள் ஜெபக்கூடத்தை ஒட்டிய அறையில் பன்றித்தொடை இறைச்சி நறுக்கினார்கள். ஜன்னல் வழியாக நெஸ்தா பார்த்தாள். சவப்பெட்டிக்குப் பின்னால் மூன்றாம் உலைக்காரர்கள் வரிசை பிசகாமல் நடந்தார்கள். முன்னால் கெத்தின், பின்னால் வாட், அவனுக்குப் பின்னால் மோர்கன். மழையில் குடையைக்கூட அந்த வரிசைப்படிதான் விரித்தார்கள்.

திரும்பி வந்ததும், தேநீர் ஊற்றுவதற்கு முன்பே, சங்கச் செயலாளர் ரீஸ் நாற்காலிமேல் ஏறினார். ஊரில் அவருக்கு ‘ரீஸ் சட்டம்’ என்று பெயர்.

“மூணாம் உலையில இரண்டாவது ஆள் கெத்தின் பிராஸர் முதல் ஆளாகிறார். ஆட்சேபம் உண்டா?”

எல்லாத் தலையும் சரியென்று ஆடியது.

“மூன்றாவது ஆள் வாட் இரண்டாவது ஆகிறார். நான்காவது ஆள் மோர்கன் மூன்றாவது ஆகிறார்.”

இதுவரை எல்லாம் பிரார்த்தனைபோல நடந்தது. நான்காவது இடத்துக்கு வந்ததும் வெடித்தது. அந்த இடத்துக்கு யாந்தோவும் செல்வினும் எழுந்து நின்றார்கள். இருவரும் ஒரே நாளில் ஆலையில் சேர்ந்தவர்கள்.

“நான் காலை ஷிஃப்டுல சேந்தேன். இவன் மதியம் வந்தான்” என்றான் யாந்தோ.

“காலைல வந்தே, சரி. அன்னிக்கு உலை ரிப்பேரு. மதியம் வரைக்கும் நீ வெளிய கல்லு மேல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருந்தே. அது வேலையா?”

“உக்காரச் சொல்லி உக்காந்தா அது வேலைதான்!”

“அப்படின்னா மூணு வருஷமா ஊரே வேலை பாத்துட்டுத்தான் இருக்கு!”

யாரோ சிரித்துவிட்டார்கள். யாந்தோ பைபிளைக் கொண்டுவரச் சொன்னான். செல்வின் தன் அம்மாவைக் கொண்டுவரச் சொன்னான். இறைச்சி காய்ந்துகொண்டிருந்தது. நெஸ்தா கையில் கத்தியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எரியாத உலையில், கொதிக்காத உருக்கை, இனி யாரும் கேட்காத ஊரில், யார் நான்காவதாக நின்று பார்ப்பது என்று இரண்டு வளர்ந்த மனிதர்கள் சட்டையைப் பிடிக்கும் தூரத்தில் நின்றார்கள். அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையில் கத்தி இருந்தது.

அப்போதுதான் ஹாப்கினின் மனைவி மார்கெட் கறுப்பு உடையில் எழுந்து வந்தாள். பெரிய பழுப்புத் தேநீர்க் கெண்டியை இரண்டு கையாலும் தூக்கி நெஸ்தாவிடம் நீட்டினாள். மூன்றாம் உலைக் குடும்பங்கள் கூடினால் முதல் ஆளின் மனைவிதான் தேநீர் ஊற்றுவாள். மற்றவர்கள் கோப்பையை நீட்டுவார்கள். யாரும் எழுதிவைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை.

“இனிமே இது உன் கையில” என்றாள் மார்கெட்.

“அய்யோ, இன்னிக்கு நீங்களே ஊத்துங்க மார்கெட்.”

“எனக்கு எதுக்கு? என் ஆளு போயிட்டாரு. பிடி, கனக்குது.”

நெஸ்தா பிடித்தாள். கோப்பைகள் நீண்டன. இத்தனை வருடமாகத் தன்னை ஒரு பொருட்டாக மதிக்காத ரீஸின் மனைவி, “கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க, மிஸஸ் ஒண்ணு” என்று குழைந்தாள். நெஸ்தாவின் கழுத்து தானாக நிமிர்ந்தது. தோள் பின்னால் போயிற்று. ஊற்றும்போது சுண்டுவிரல்கூட நீண்டதோ என்னவோ. நாலைந்து கோப்பை ஊற்றிய பிறகுதான் தான் புன்னகைத்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. சூடு வைத்தாற்போல் இருந்தது. தனக்கே இப்படியென்றால், இதற்காகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனிதனை எப்படி ரயில் ஏற்றுவது? அந்த ஆத்திரத்தில் ஒரு கோப்பை வழிந்து, ரீஸின் மனைவி “ஸ்ஸ்” என்று கையை உதறினாள். அதில் மட்டும் நெஸ்தாவுக்குக் கொஞ்சம் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை சண்டை போடக் கூடாத நாள். பக்கத்து வீட்டுச் சுவர் வேறு மெல்லியது. அதனால் இருவரும் ரகசியக் குரலில் சண்டை போட்டார்கள்.

“பெட்டி கட்டிட்டேன்” என்றாள் நெஸ்தா.

“அவிழ்த்துடு.”

“நீ ஒன்பதரை வண்டிக்கு டெக்வினோட போறே. வீடு கெடச்சதும் நான் வரேன்.”

“நேத்துதான் மொத ஆளா ஆனேன். இன்னிக்குப் போகச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா?”

“எனக்கு எது நல்லாருக்கும்னு இந்த வீட்ல யாரு கேட்டா? உன் சட்டைல துணியைவிட ஒட்டுதான் அதிகம். கரி பொறுக்கக் கழிவு மேட்டுக்குப் போய்ப் போய் என் முதுகு வளைஞ்சுபோச்சு. அதுக்கெல்லாம் ஒரு வரிசை இருந்தா நான்தான் ஊருக்கே மொத ஆளு.”

கெத்தின் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்தபடியே வேறு குரலில் சொன்னான். “உருக்கு பதமாச்சான்னு ஹாப்கின் நீலக் கண்ணாடி வெச்சுப் பார்ப்பாரு. நாங்க பின்னால நிப்போம். மேனேஜரும் நிப்பாரு. அவர் ‘இப்போ’ன்னு சொல்ற வரைக்கும் மேனேஜர் வாயைத் திறக்க மாட்டாரு. எனக்குத் தெரியும் நெஸ்தா. பல தடவை அவருக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பல்லைக் கடிச்சுட்டு நிப்பேன். அந்த ஒரு வார்த்தையை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.”

நெஸ்தா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் இத்தனை நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அவன் தோளைத் தொடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு கோபம் திரும்ப வந்தது. ஏனென்றால் அவன் சொன்னது நியாயமாக இருந்தது, நியாயமாக இருந்தும் அதை வைத்து ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது.

“சரி. இப்போ நீ சொல்லலாம். யார்கிட்ட சொல்லப் போறே?”

அவன் எழுந்து மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை டெக்வின் கிளம்பி நின்றான். “அக்கா, நான் ஸ்டேஷன்ல ரெண்டு டிக்கெட் எடுத்துவெக்கிறேன். வந்தா வரட்டும். வரலேன்னா சுடுதண்ணியில அவருக்காகவும் நானே குளிச்சுக்கிறேன்.” கீச், கீச் என்று படியிறங்கிப் போனான்.

அவன் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டான், கதவு இடிபட்டது. ரீஸ் சட்டம் மூச்சிரைக்க நின்றார். அவருக்குப் பின்னால் மழையில் வாட், மோர்கன், கடைசியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு யாந்தோவும் செல்வினும். அவர்கள் வழக்கு இன்னும் தீரவில்லை.

“கெத்தின்! வேலை வந்தாச்சு! மூணாம் உலையில! இன்னிக்கே!”

தெருவில் கதவுகள் திறந்தன. ஒருத்தி ஏப்ரனால் கண்ணைத் துடைத்தாள். நெஸ்தா கட்டிவைத்த பெட்டியைப் பார்த்தாள். இத்தனை நாள் இவனை வைத வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமே என்று நினைத்தாள். கெத்தின் அதற்குள் ஒரு காலில் பூட்ஸ் மாட்டிவிட்டான்.

“ஆர்டர் வந்துதா?” என்று அவள்தான் கேட்டாள்.

“ஆர்டர்னு சொல்ல முடியாது” என்றார் ரீஸ். “கம்பெனி உலையை வித்துட்டாங்க. உடைச்சு எடுத்துட்டுப் போக ஒப்பந்தக்காரர் வந்திருக்காரு. வெளியாள் ஒரு கும்பலோட வந்து எறங்கினாரு. விடுவோமா? வாசல்லயே மறிச்சோம். எங்க உலை மேல வெளியாள் எவனும் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டோம். ஒத்துக்கிட்டாரு! நம்ம ஆளுங்கதான் உடைக்கிறாங்க. அதுவும் வரிசைப்படி. மொத ஆளு மொதல்ல. கெத்தின், உன் அடி விழாம ஒரு செங்கல் கீழ வராது. அந்த மட்டும் நாம ஜெயிச்சுட்டோம்!”

மோர்கன் கைதட்டினான். வாட்டும் தட்டினான்.

நெஸ்தாவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. “உடைக்கிறதுக்குமா வரிசை?”

“என்ன இப்படிக் கேட்டுட்டே நெஸ்தா? உடைக்கிறதுக்குத்தான் முக்கியமா வரிசை வேணும். இல்லேன்னா எவன் வேணாலும் உடைச்சுட்டுப் போயிடுவானே!”

“உடைச்ச இரும்பு எங்க போகுது?”

“உன் தம்பி இருக்கற ஊருக்குத்தான். அங்க உருக்கி ஊத்தறாங்களாம். சரக்கு வண்டி ஏற்கனவே வந்து நிக்குது.”

“உலைகூட அங்க போகுது!” என்று நெஸ்தா கத்திவிட்டாள். “உலைக்கு இருக்கற புத்திகூட உங்க யாருக்கும் இல்லையா? அது வேலை இருக்கற எடத்துக்குப் போகுது, எத்தனாவதா ஊத்துவாங்கன்னு கேட்டுட்டா போகுது?”

“பொம்பளைங்களுக்கு இது புரியாது” என்று ரீஸ் பொறுமையாகச் சொல்லிவிட்டு, வாட்டின் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக் கெத்தினிடம் நீட்டினார். புதுச் சம்மட்டி. பிடியில் ஒப்பந்தக்காரனின் சிவப்பு வண்ணம் இன்னும் ஒட்டியது.

கெத்தின் இன்னொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு எழுந்து வந்து வாங்கினான். எடையைப் பார்த்தான். வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தான். மழையில் அவனுக்காக விடப்பட்டிருந்த முதல் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பின்னால் மற்றவர்கள் அவரவர் இடத்தில், ஞானஸ்நானத்துக்கு நிற்பவர்கள்போல நின்றார்கள். நெஸ்தா அவன் முகத்தைப் பார்க்க முயன்றாள். கழுத்தின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அது சிவந்துகொண்டே வந்தது.

அவன் இறங்கி, அந்தக் காலி இடத்துக்குப் போகாமல், வாட்டின் முன்னால் போய் நின்று, சம்மட்டியை அவன் கையில் வைத்தான். வைத்துவிட்டு நடந்தான்.

“கெத்தின்! டேய், ஆலை இந்தப் பக்கம்!” என்றார் ரீஸ்.

ரீஸ் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சட்டம் அவரைக் காப்பாற்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்படின்னா... வாட் மொத ஆளு” என்றார். வாட் ஓர் அடி முன்னால் வந்தான். மோர்கன் ஓர் அடி முன்னால் வந்தான். யாந்தோவும் செல்வினும் தங்கள் இருவருக்குமே இடம் கிடைத்துவிட்டது என்று உணர ஒரு கணம் ஆயிற்று. உணர்ந்ததும், அதில் மூன்றாவது யார் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

நெஸ்தா ஒரு கையில் கட்டிய பெட்டியும் மறு கையில் அவன் தொப்பியுமாக வாசலில் நின்றாள். மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த வசவு அத்தனையும் அவள் வாயில் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. பெட்டியை எடுத்துக்கொள்ளவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை இந்த மனுஷனுக்கு. இனி இதைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் அவள்தான் ஓட வேண்டும்.

கெத்தின் வெறுந்தலையோடு ஸ்டேஷனுக்குப் போகும் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.